முழங்கால் றோபோ: கால்களை எங்கே பூட்டுவது?

முழங்கால் பயிற்சிக்கான நாலு கால் இணை றோபோவில் (அடித்தட்டையும் மேல்தட்டையும் நீண்டு சுருங்கும் நாலு கால்கள் இணைக்கும்) பெரிய தலையிடி மோட்டர் இல்லை, சிங்குலாரிட்டிதான். அதாவது, சில நிலைகளில் எல்லா மோட்டரையும் சுழலாமல் நிறுத்தி வைத்தாலும் மேல்தட்டு ஆடும். அதில் கிடப்பது நோயாளியின் கால்!

ஆளுக்கு ஆள் கால் நீளம் வேறு. அதனால் அடித்தட்டில் றோபோவின் கால்களைப் பூட்டும் இடங்கள் மாற்றக்கூடியதாக இருக்க வேணும். மடக்கும் பாதை முழுக்க ஜக்கோபியன் தாயத்தின் (மோட்டர்களின் வேகத்தையும் மேல்தட்டின் வேகத்தையும் தொடுக்கும் எண் அட்டவணை) துணிகோவையைக் (determinant) கணியுங்கள்; அது பூச்சியமானால் சிங்குலாரிட்டி, எனவே பூச்சியத்தை நெருங்காத பூட்டும் துளைகளே சரி. போல்ட் மட்டும் போதாது, இரண்டு டோவல் பின்னும் (இடம் நகராமல் பிடிக்கும் இறுக்கமான ஊசி) போடுங்கள். இல்லாவிட்டால் றோபோக் காலின் மூட்டு நகர்ந்து கணக்குப் பிழைக்கும். துளை மாறினால் மென்பொருளில் ஆள்கூறும் மாறவேணும் (பலர் மறப்பது இதைத்தான்).

கரண்ட் போனால் போல்ஸ்குரூ (றோபோக் காலை நீட்டிச் சுருக்கும், குண்டுகளில் உருளும் திருகு) பாரத்தில் தானாகப் பின்சுற்றும். கரண்ட் இல்லாதபோது பிடிக்கிற 24 வோல்ட் பிரேக் கட்டாயம். கல்லடி, ஒலுவில் போன்ற கரையோர ஊர்களின் கடற்காற்றுக்கு ஸ்குரூவை ரப்பர் உறையால் மூடுங்கள்.