பென்ஷனையும் டெபாசிட்டையும் கூட்டி வாங்கிய தாய்லாந்து விசா

தாய்லாந்தில் ஓய்வுக்காலத்தைக் கழிப்பதற்கான விசாவுக்கு மாதம் 65,000 பாத் வருமானம் காட்ட வேண்டும் என்று கேட்டதுமே நம் ஆட்கள் பலர் அந்த யோசனையையே விட்டுவிடுகிறார்கள். ஒரு பாத் இரண்டரை ரூபாய்க்கு மேல் போகிறது. மாதம் ஒன்றே முக்கால் லட்சம் பக்கம் வந்துவிடும். மதுரையில் அரசுப் பள்ளி ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்ற எனக்கு அதில் பாதிகூடப் பென்ஷன் கிடையாது. ஆனாலும் விசா கிடைத்தது. பாங்காக்கில் வேலை பார்க்கும் மகளோடு இப்போது இருக்கிறோம். என் போன்ற பென்ஷன்காரர்களுக்கு இது எட்டக்கூடியதுதான் என்பதற்காகவே எழுதுகிறேன்.

ஓ-ஏ என்ற இந்த விசாவுக்கு 50 வயது நிரம்பியவர்கள் விண்ணப்பிக்கலாம். மாத வருமானம் போதாதா, வங்கியில் 8 லட்சம் பாத் இருப்புக் காட்டலாம். அதுவும் முடியாதா, ஓர் ஆண்டு வருமானத்தையும் வங்கி இருப்பையும் கூட்டி 8 லட்சம் பாத் வந்தால் போதும். எனக்குக் கைகொடுத்தது இந்த மூன்றாவது வழி. பென்ஷன் வருடத்துக்கு ஏழு லட்ச ரூபாய் சொச்சம். மீதிக்கு டெபாசிட் காட்டினேன். பாத் விலை ஏறி இறங்குவதால் கொஞ்சம் தாராளமாகவே வைத்தேன்.

திருமங்கலம் பக்கம் வாங்கிப் போட்ட பிளாட்டும் பீரோவில் இருக்கும் நகையும் இங்கே உதவாது. மகன் பெயரில் போட்ட டெபாசிட்டும் அப்படித்தான். விண்ணப்பதாரர் பெயரில், வங்கிக் கணக்கில், கடிதத்தோடு இருக்க வேண்டும். அந்தப் பெயர்தான் நம் ஊர்க்காரர்களுக்குப் பெரிய வேலை. பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் முழுதாக இருக்கிறது. பென்ஷன் புத்தகத்திலும் பாஸ்புக்கிலும் வெறும் இனிஷியல். வங்கி மேலாளர், "சார், கேஒய்சியைப் புதுப்பித்துவிட்டால் பாஸ்போர்ட்டில் இருக்கிறபடியே கடிதம் தந்துவிடலாம்" என்றார். அப்படியே செய்தோம். பென்ஷன் புத்தகத்துக்கு, இரண்டு பெயரும் ஒருவரே என்று நோட்டரி வக்கீலிடம் உறுதிமொழிப் பத்திரம்.

மனைவிக்குத் தனி வருமானம் இல்லை. என்னோடு வரும் துணைவியாக அவருக்கு ஓ விசா கேட்கலாம். அதற்குத் திருமணச் சான்று வேண்டும். எங்கள் கல்யாணம் 1984-ல் திருப்பரங்குன்றத்தில் நடந்தது. அந்தக் காலத்தில் யார் பதிவு செய்தார்கள்? சார்பதிவாளர் அலுவலக வாசலில் பத்திர எழுத்தர், "அய்யா, பத்திரிகை இருக்கா? கோயில் ரசீது இருக்கா?" என்று கேட்டார். நான் யோசிப்பதற்குள் மனைவி, "ரெண்டும் இருக்குங்க" என்றார். பழைய டிரங்குப் பெட்டியில், பட்டுச்சேலை மடிப்புக்குள் இருந்தன. பத்திரிகையின் மஞ்சள் ஓரம் பழுப்பேறியிருந்தது, எழுத்து அழியவில்லை. கல்யாணத்துக்கு வந்திருந்த உறவினர்களைச் சாட்சிக்குக் கூட்டிப்போய், இந்து திருமணச் சட்டப்படி பதிவு செய்தோம். ஊரிலுள்ள மூத்த தம்பதிகள் விசா வேண்டாதவர்களாக இருந்தாலும் இதைச் செய்து வையுங்கள். சாட்சி சொல்ல ஆள் இருக்கும்போதே செய்துவிட வேண்டும்.

அடுத்து மருத்துவக் காப்பீடு. ஓ-ஏவுக்கு ஒரு லட்சம் டாலர், அதாவது 30 லட்சம் பாத் அளவுக்குக் காப்பீடு கேட்கிறார்கள். தாய்லாந்து தரும் படிவத்தில் நிறுவனம் கையெழுத்திட வேண்டும். மதுரையில் நான் கேட்ட கிளையில் அந்தப் படிவத்தை யாரும் பார்த்ததே இல்லை, வாரக்கணக்கில் பதிலும் வரவில்லை. கடைசியில் தாய்லாந்து நிறுவனம் ஒன்றில் மகள் எடுத்துக் கொடுத்தாள். பிரீமியம் அதிகம்தான். வயது கூடக் கூட இன்னும் ஏறும். டெபாசிட்டுக்குப் பணம் ஒதுக்கும்போதே இதையும் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

பாஸ்போர்ட் அலுவலகம் வழியாக வாங்கும் போலீஸ் சான்றும் மருத்துவச் சான்றும் மூன்று மாதம்தான் செல்லும். ஆகவே இவற்றைக் கடைசியில் வாங்குவதே நல்லது. தொழுநோய், காசநோய், யானைக்கால், போதைப் பழக்கம், முற்றிய மேகநோய் (சிபிலிஸ்) இல்லை என்று டாக்டர் எழுதித் தர வேண்டும். இரண்டிலும் நோட்டரி முத்திரை வேண்டும். 2025 ஜனவரி முதல் இந்தியர்களுக்கு இ-விசா வந்துவிட்டதால் விண்ணப்பத்தை வீட்டிலிருந்தே ஏற்றினோம்.

வந்து சேர்ந்த பிறகும் வேலை உண்டு. 90 நாளுக்கு ஒரு முறை இருப்பிடத்தைக் குடிநுழைவுத் துறைக்குத் தெரிவிக்க வேண்டும். பின்னர் வங்கி இருப்பைக் காட்டித் தங்கும் காலத்தைத் தாய்லாந்திலேயே நீட்டிக்க நினைத்தால், 8 லட்சம் பாத் தாய்லாந்து வங்கியிலேயே இரண்டு மாதம் முன்பிருந்து கிடக்க வேண்டும். அந்தப் பணத்தை இந்தியாவிலிருந்து அனுப்பும்போது ஒரு நிதியாண்டில் 10 லட்ச ரூபாயைத் தாண்டும் தொகைக்கு 20 சதவீதம் டிசிஎஸ், அதாவது வங்கி முன்கூட்டியே வசூலிக்கும் வரி, பிடிப்பார்கள். வருமானவரிக் கணக்கு தாக்கல் செய்யும்போது அதைச் சரிக்கட்டிக்கொள்ளலாம் என்றாலும் அதுவரை பணம் முடங்கும். அதனால் மார்ச் முடிவதற்குள் ஒரு பகுதி, ஏப்ரலில் மறு பகுதி என்று அனுப்ப ஏற்பாடு செய்திருக்கிறேன். அப்புறம், ஆண்டுதோறும் வரும் பென்ஷன் நேர்காணலை மறந்துவிடாதீர்கள். வெளிநாட்டில் இருப்பவர்கள் அங்குள்ள இந்தியத் தூதரகத்தில் உயிர்வாழ் சான்று வாங்கி அனுப்பலாம்.