35 மதிப்பெண் வகுப்பு: கும்பகோணத்திலிருந்து ஒரு நாட்குறிப்பு

மே 19, திங்கள்

பத்தாம் வகுப்புத் தேர்வு முடிவு வந்த கையோடு வீட்டுத் திண்ணையில் கூட்டம் சேர்ந்துவிட்டது. வங்கியிலிருந்து ஓய்வு பெற்ற பிறகு, கணக்கில் மட்டும் தவறியவர்களுக்கு மாலையில் சொல்லிக்கொடுத்து வருகிறேன். காசு வாங்குவதில்லை. அதனால் திட்டுவதற்கு எனக்கு முழு உரிமை உண்டு.

ஜூலை துணைத் தேர்வுக்கு இந்த முறை நான்கு பேர். பெரிய கடைத்தெரு பக்கம் வெற்றிலை வியாபாரம் செய்பவர் ஒருவர்; வயது நாற்பதை நெருங்குகிறது. வகுப்பில் எல்லோரும் அவரை அக்கா என்கிறார்கள், நானும் அப்படியே எழுதுகிறேன். டைல்ஸ் பதிக்கும் இளைஞர் ஒருவர்: வளைகுடாவுக்குப் போக வேண்டும், பத்தாம் வகுப்புத் தேர்ச்சி இருந்தால் குடிபெயர்வு அனுமதி தேவைப்படாத பாஸ்போர்ட் கிடைக்கும். சுவாமிமலையில் சிலைகளுக்கு மெழுகு உருவம் பிடிப்பவர் ஒருவர். நான்காவது, எதிர் வீட்டுப் பெண். மற்ற பாடங்களில் எல்லாம் எழுபதுக்கு மேல், கணக்கில் 31.

வந்து உட்கார்ந்ததும் நால்வரும் ஒன்றையே சொன்னார்கள்: "எனக்குக் கணக்கு வராது மேடம்." இரத்த வகையைச் சொல்வதுபோல இருந்தது. யார் பரிசோதித்துச் சொன்னார்கள் என்று கேட்டேன். அக்காவுக்கு ஏழாம் வகுப்பு ஆசிரியர். டைல்ஸ்காரருக்கு அவருடைய அப்பா. மெழுகுக்காரருக்கு ஞாபகமில்லை. பெண் வாயைத் திறக்கவில்லை.

முதல் நாள் பாடம் எப்போதும் வினாத்தாளைப் பற்றியதுதான். ஒரு மதிப்பெண் வினா 14. இரண்டு மதிப்பெண் 10, ஐந்து மதிப்பெண் 10, எட்டு மதிப்பெண் 2. மொத்தம் 100. எட்டு மதிப்பெண் இரண்டும் செய்முறை வடிவியலும் வரைபடமும். ஒரு மதிப்பெண் வினாக்களில் பத்தும் இந்தப் பதினாறும் சேர்ந்தால் 26. மேலே ஐந்து இரண்டு மதிப்பெண் வினாக்களைப் போட்டால் கரை ஏறிவிடலாம். இப்படிக் கணக்குப் போட்டுக் கணக்கில் தேறுவது எனக்குப் பிடிக்காது. ஆனால் பிடிக்காததைச் சொல்லிக்கொடுக்காமல் விட்டால் டைல்ஸ்காரரின் பாஸ்போர்ட்டுக்கு யார் பொறுப்பு?

மே 22, வியாழன்

அக்காவிடம் வாயால் கேட்டேன்: "ஒரு கவுளி, அதாவது ஒரு கட்டு வெற்றிலை, 85 ரூபாய். முப்பத்தேழு கவுளி கொடுங்கள், எவ்வளவு?" கண்ணை ஒருமுறை மேலே உருட்டினார். "மூவாயிரத்து நூற்று நாற்பத்தைந்து." எப்படி? "நாற்பது கவுளி 3,400. மூன்று கவுளிக்கு 255 கழித்துவிட்டேன்."

அதையே நோட்டில் 37 × 85 என்று எழுதிக் கொடுத்தேன். முதல் வரியில் 185, அதன் கீழே ஓர் இடம் தள்ளாமல் 296, கூட்டி 481 என்று நீட்டினார்.

"முப்பத்தேழு கவுளியை 481 ரூபாய்க்குக் கொடுப்பீர்களா?"

"கடையில் யாராவது கொடுப்பார்களா மேடம்? இது பரீட்சைதானே."

நான் சிரிக்கவில்லை. பிரேசிலின் ரெசிஃபி நகரத்தில் மூன்று ஆய்வாளர்கள் இதையேதான் பார்த்து 1985-இல் எழுதினார்கள். தெருவில் விற்கும் ஐந்து பிள்ளைகள். வாடிக்கையாளர் போலப் போய்க் கேட்டபோது நூற்றுக்கு 98 விடைகள் சரி. அதே கணக்கைத் தாளில் எழுதிக் கொடுத்தால் 37 கூடத் தேறவில்லை. இளநீர் ஒன்று 35 என்றால் பத்து எவ்வளவு என்று கேட்டதற்கு ஒரு பையன், மூன்று 105, இன்னும் மூன்று சேர்ந்தால் 210 என்று ஏறி ஏறி 350-க்கு வந்தான். பத்தால் பெருக்கப் பக்கத்தில் ஒரு பூஜ்யம் போடு என்பது பள்ளிக்கூடத்து வழி. அவனுக்கு அது தேவைப்படவில்லை.

இதைச் சொல்லிவிட்டு, "பார்த்தீர்களா, உழைக்கும் மக்களுக்குக் கணிதம் கைவந்த கலை" என்று மேடையில் கைதட்டு வாங்குபவர்கள் இருக்கிறார்கள். எனக்கு அதில் சம்மதமில்லை. 2025-இல் கொல்கத்தா, டெல்லிச் சந்தைகளில் வேலை செய்யும் பிள்ளைகளை வைத்துச் செய்த பெரிய ஆய்வு ஒன்று நேச்சர் இதழில் வந்தது. சந்தைப் பிள்ளைகளுக்கு ஏட்டுக் கணக்கு வரவில்லை. பள்ளிக்கு மட்டும் போகும் பிள்ளைகளுக்குச் சந்தைக் கணக்கு வரவில்லை. அங்கே கற்றது தானாக இங்கே நடந்து வருவதில்லை. யாராவது கையைப் பிடித்து அழைத்துவர வேண்டும். அந்த வேலைக்குத்தான் ஆள் இல்லை.

ஜூன் 3, செவ்வாய்

1/8 + 1/16. பெண் கரும்பலகை முன்னால் நின்றாள். சாக்பீஸ் பலகையைத் தொட்டபடி அப்படியே இருந்தது. தெரியாமல் நிற்பதற்கும் உறைந்து நிற்பதற்கும் வித்தியாசம் உண்டு. இவள் இரண்டாவது வகை. உட்காரச் சொல்லிவிட்டு வேறு பேச்சு பேசினேன்.

என் தாத்தா நெல் மண்டியில் கணக்குப்பிள்ளை. அரைக்கால் என்றால் எட்டில் ஒன்று, வீசம் என்றால் பதினாறில் ஒன்று. ரூபாய்க்குப் பதினாறு அணா இருந்த காலம்; 1957-இல்தான் நூறு காசு வந்தது. அரைக்கால் ரூபாய் இரண்டணா, வீசம் ஓரணா, ஆகமொத்தம் மூன்றணா, மூன்று வீசம். பின்னம் கூட்டுகிறோம் என்ற நினைப்பே தாத்தாவுக்கு இருந்ததில்லை. வீசத்துக்குக் கீழே காணி, அதாவது எண்பதில் ஒன்று. அதற்கும் கீழே முந்திரி, முன்னூற்றிருபதில் ஒன்று. திண்ணைப் பள்ளியில் எண்சுவடியை மனப்பாடம் செய்யாவிட்டால் பிரம்பு என்பதையும் அவரே சொல்லியிருக்கிறார். பழைய முறைதான் பொற்காலம் என்று பெருமூச்சு விடுபவர்கள் அந்தப் பிரம்பை மட்டும் மறந்துவிடுகிறார்கள்.

பெண் நோட்டில் 3/16 என்று எழுதிக் காட்டினாள். பலகைக்குப் போகவில்லை. நானும் அழைக்கவில்லை.

போகும்போது வாசலில் நின்று சொன்னாள். எட்டாம் வகுப்பில் வாய்ப்பாடு சொல்லத் தடுமாறியவர்களைக் கதவருகே வரிசையாக நிற்க வைப்பார்களாம். பக்கத்து வகுப்புப் பையன்கள் தண்ணீர் குடிக்கப் போகும்போது பார்த்துக்கொண்டே போவார்களாம். அதற்குப் பிறகு எண்ணைப் பார்த்தால் முதலில் கதவுதான் ஞாபகத்துக்கு வரும் என்றாள்.

ஜூன் 9, திங்கள்

மெழுகுக்காரரின் நாள். வடிவொத்த முக்கோணம் வரைவது செய்முறை வடிவியலில் அடிக்கடி வரும் வினா வகைகளில் ஒன்று: கொடுத்த முக்கோணத்துக்கு அளவு காரணி மூன்றில் இரண்டாக இன்னொன்று வரைக. மற்ற மூவரும் பென்சிலைக் கடித்துக்கொண்டிருந்தபோது இவர் முடித்துவிட்டார்.

தொழிலே அதுதான் என்றார். தென்னை ஓலை நறுக்கு ஒன்றைச் சிலையின் உயரத்துக்கு வெட்டிக்கொண்டு, மடித்து மடித்துப் பாகம் பிரிப்பார்களாம். பெருந்தெய்வங்களுக்கு உத்தம தசதாலம் என்னும் அளவு முறை, உயரம் 124 பாகம்; அம்மனுக்கு மத்திம தசதாலம், 120 பாகம். முகம் இத்தனை பாகம், மார்பு இத்தனை பாகம் என்று ஸ்தபதி வாய்பாடாகச் சொல்வார். சிலை அரை அடியானாலும் ஆறடியானாலும் பாகம் மாறாது, ஓலை மட்டும் மாறும். சென்டிமீட்டரே வேண்டியதில்லை.

பிறகு அவரே இன்னொன்று சொன்னார். ஓரடிச் சிலைக்கு விலை சொன்னால், வாடிக்கையாளர் இரண்டடிச் சிலைக்கு இரண்டு மடங்கு பணம் எடுத்துக்கொண்டு வருவாராம். சுவாமிமலைச் சிலை உள்ளே கூடு இல்லாத கன வார்ப்பு. உயரம் இரட்டித்தால் அகலமும் தடிமனும் சேர்ந்து இரட்டிக்கும். உலோகம் எட்டு மடங்கு. "சண்டை போட்டுவிட்டுப் போய்விடுவார்கள் மேடம்." அளவியல் பாடத்தில் நான் ஒரு வாரம் செலவழிக்கும் இடம் இது. மெழுகு உருகிப் போன இடத்தில்தான் உலோகம் நிரம்பும் என்பதால், மெழுகை எடைபோட்டு உலோகத்தைச் சொல்வதும் அப்படித்தான்: மெழுகின் அடர்த்தி தண்ணீரைவிடச் சற்றுக் குறைவு, செம்பின் அடர்த்தி அதைப் போல ஒன்பது மடங்குக்குப் பக்கம்.

இவருக்கா கணக்கு வராது? இயற்கணிதத்தில் x-ஐப் பார்த்ததும் கைவிட்டிருக்கிறார். ஓலைக்கு அளவு தெரியாமலே அதை வைத்து வேலை செய்கிறவர், அளவு தெரியாத x-ஐக் கண்டு ஓடியது எனக்கு இன்னும் விளங்கவில்லை.

ஜூன் 12, வியாழன்

இராமானுஜன் பேச்சு வந்தது. இந்த ஊரில் வராமல் இருக்காது. சாரங்கபாணி சன்னிதித் தெருவில் வீடு இருக்கிறது, டிசம்பர் 22 வந்தால் மாலை விழும். இங்கே அரசுக் கல்லூரியில் படித்தபோது கணிதம் தவிர மற்றவற்றில் கோட்டைவிட்டு உதவித்தொகையை இழந்தவர். சென்னைக்குப் போயும், பட்டப்படிப்புக்கு முந்தைய எஃப்.ஏ. தேர்வில் தேறவில்லை. மெழுகுக்காரர் சொன்னார்: "அவர் மற்ற எல்லாவற்றிலும் ஃபெயில். நாங்கள் கணக்கில் மட்டும் ஃபெயில். நாங்கள்தான் நல்ல பிள்ளைகள்."

எனக்கு வேறு எரிச்சல். அவருடைய குலதெய்வம் நாமகிரித் தாயார் கனவில் வந்து சொன்ன கதையை எல்லோரும் சொல்கிறார்கள். பதினாறு வயதில் கார் என்பவரின் தொகுப்பு நூல் கைக்குக் கிடைத்து, ஐயாயிரம் அளவுக்குச் சூத்திரங்கள், நிரூபணம் பெரும்பாலும் இல்லை, ஒவ்வொன்றாகத் தானே போட்டுப் பார்த்த ஆண்டுகளை எத்தனை பேர் சொல்கிறார்கள்? காகிதம் வாங்கக் கட்டுப்படியாகாமல் சிலேட்டில் எழுதி முழங்கையால் அழித்து அழித்து எழுதியவர். வரம் என்று சொல்லிவிட்டால் மற்றவர்களுக்கு வசதி. முழங்கை தேயவேண்டியதில்லை.

ஜூன் 17, செவ்வாய்

டைல்ஸ்காரருக்குப் பிதாகரஸ் தேற்றம். மூலைமட்டம் பார்க்க ஒரு சுவரில் மூன்றடி, மறு சுவரில் நான்கடி குறித்து, குறுக்கே நூல் பிடித்தால் ஐந்தடி வரவேண்டும். வராவிட்டால் மூலை கோணல். தினமும் செய்கிறார். இதுதான் அது என்று சொன்னேன். அவர் முகத்தில் எந்த வெளிச்சமும் வரவில்லை.

"தெரிகிறது மேடம். ஆனால் அங்கே மூலை சரியா என்று மேஸ்திரி கேட்பார். இங்கே நிரூபி என்கிறார்கள். நிரூபித்தால் யாருக்கு என்ன கிடைக்கும்?"

நியாயமான கேள்வி. மூன்று, நான்கு, ஐந்து உனக்குத் தெரியும். இரண்டுக்கு இரண்டரை அடி இருக்கும் குளியலறையில் எந்த நூல் பிடிப்பாய் என்று கேட்டேன். யோசித்தார். ஒன்றரை, இரண்டு, இரண்டரை என்றார். சரி. அந்த மூன்று எண்ணும் இல்லாத அளவு வந்தால்? அதற்குப் பதில் வரவில்லை. வர்க்கமூலம் எடுக்க உட்கார்ந்தோம். மழை பெய்து மின்சாரம் போய்விட்டது.

ஜூன் 24, செவ்வாய்

இன்று நான் பேசியது அதிகம்.

1979-இல் எஸ்.எஸ்.எல்.சி. கணக்கில் நூற்றுக்கு நூறு. தெருவே என்னைக் கணக்குப் புலி என்றது. கல்லூரியில் பி.எஸ்ஸி. கணிதம். இரண்டாம் ஆண்டில் மெய்ப்பகுப்பாய்வு வந்தது, எல்லாவற்றையும் எப்சிலான், டெல்டா வைத்து நுணுக்கமாக நிரூபிக்கும் பாடம். ஒரு வரிகூட உள்ளே போகவில்லை. நிரூபணங்களை மனப்பாடம் செய்து முதல் வகுப்பில் தேறினேன். என் பக்கத்தில் உட்கார்ந்தவள் வேகமே இல்லாதவள். ஒரு சமனின்மையை அரை மணி நேரம் பார்த்துக்கொண்டிருப்பாள். அவளுக்குப் புரிந்தது. எனக்கு இருந்தது வேகம் மட்டும் என்று அப்போது தெரிந்தது. வங்கிக்கு அது போதுமானதாக இருந்தது.

மரியம் மிர்சாகானி, ஈரானில் பிறந்தவர், கணிதத்தின் உயரிய விருதான ஃபீல்ட்ஸ் பதக்கத்தை 2014-இல் பெற்ற முதல் பெண், தன்னை மெதுவாக யோசிப்பவர் என்றுதான் சொல்லிக்கொண்டார். நடுநிலைப் பள்ளியில் ஓர் ஆண்டு கணக்கு சரியாக வராமல் ஆர்வமே போயிருந்ததாம். ஆசிரியர் திறமை இல்லை என்று நினைத்ததும் ஒரு காரணம்.

பெண் கேட்டாள், வங்கியில் என்ன கணக்குதான் போட்டீர்கள் என்று. மாலையில் கேஷ் கணக்கோடு ஒத்துப்போகாமல் இடித்தால் முதலில் வித்தியாசத்தை 9-ஆல் வகுத்துப் பார்ப்போம். மீதியில்லாமல் வகுபட்டால் யாரோ இலக்கத்தை இடம் மாற்றி எழுதியிருக்க வாய்ப்பு அதிகம் என்றேன். 63-ஐ 36 என்று எழுதினால் 27. 540-ஐ 450 என்று எழுதினால் 90. எனக்கு இதைச் சொல்லித்தந்த தலைமைக் காசாளருக்குக் காரணம் தெரியாது, கவலையும் இல்லை.

"ஏன் ஒன்பது?"

அவளாகக் கேட்ட முதல் 'ஏன்'. நோட்டை அவள் பக்கம் தள்ளினேன். பத்தாம் இடத்தில் a, ஒன்றாம் இடத்தில் b என்று மட்டும் சொன்னேன். மெழுகுக்காரரும் எட்டிப் பார்த்தார். வெகு நேரம் ஆயிற்று. 10a + b, அதிலிருந்து 10b + a கழித்தால் 9a − 9b. எழுதி முடித்துவிட்டு எல்லா எண்ணுக்குமா என்று கேட்டாள். நீயே சொல் என்றேன். 82, 28 என்று போட்டுப் பார்த்தாள், 54. இன்னும் இரண்டு போட்டாள். பிறகு போடுவதை நிறுத்திவிட்டு, "எழுத்தில் வந்துவிட்டதே, எண் எதற்கு?" என்றாள்.

அக்கா, இது பரீட்சையில் வருமா என்று கேட்டார். வராது என்றேன். அவர் வரைபடத்தாளை எடுத்துக்கொண்டார்.

ஜூலை 7, திங்கள்

தேர்வு. கேள்வித்தாளைக் கொண்டுவந்து காட்டியவர் டைல்ஸ்காரர் மட்டும். தேறிவிடுவார்.

ஆகஸ்ட் 3, ஞாயிறு

முடிவு வந்துவிட்டது. மெழுகுக்காரர் 52, டைல்ஸ்காரர் 38, பெண் 61. அவளுக்கு வணிகவியல் பிரிவு என்று அப்பா முடிவு செய்துவிட்டார். அவள் கணிதம் இருக்கும் பிரிவு வேண்டும் என்கிறாளாம். என்னை வந்து பேசச் சொன்னார்கள். அவள் அப்பாவிடம் பேசமாட்டேன் என்று சொல்லிவிட்டேன், அவளே பேசட்டும்.

அக்காவுக்கு 33. வரைபடத்தில் அளவுத்திட்டம் எழுதவில்லை, தொடுகோட்டில் கவராயத்தின் ஆணி வழுக்கிவிட்டது, இரண்டையும் அவரே சொன்னார். அழவில்லை. "இரண்டு மார்க்கை யாரும் கடன் தரமாட்டார்கள்" என்றார். கடையில் புதன்கிழமை கூட்டம் குறைவு, அன்றைக்கு வரட்டுமா என்று கேட்டார். நல்ல கவராயம் வாங்கிக்கொண்டு வரச் சொல்லியிருக்கிறேன். விலை எவ்வளவு இருக்கும் என்றார். நான் சொன்ன விலைக்குப் பாதியில் வாங்கிவிடுவார்.