எச்சில் கல்லுக்கு ஒரு முத்தம்

முதலில் அந்த 30 யூரோ கதையைச் சொல்லிவிடுகிறேன். அதைக் கொட்டாமல் மற்றது எதுவும் எழுத வராது.

அயர்லாந்தின் கார்க் நகரிலிருந்து பிளார்னி கோட்டை 8 கிலோமீட்டர்தான். டவுன் பஸ்ஸே போகிறது, டிக்கெட் சில யூரோ. நிறுத்தத்தில் இருந்த மின்பலகை 5 நிமிடம் என்றது, பிறகு 2 என்றது, பிறகு அந்த வரியே காணாமல் போனது. பஸ் வரவில்லை. அடுத்ததும் அப்படியே. மழை மேலிருந்து பெய்யாமல் பக்கத்திலிருந்து அடித்தது. முக்கால் மணி நேரம் நனைந்துவிட்டு டாக்சி பிடித்தோம். இறங்கும்போது மீட்டரில் 22. "திரும்பக் காலியாப் போகணும், 30 கொடுங்க" என்றார் டிரைவர். சண்டை போட வாய் வரவில்லை. கொடுத்தேன். நம்மூர்க் கணக்கில் கிட்டத்தட்ட 3,000 ரூபாய்! நுழைவுச்சீட்டு அதற்கு மேல் தனி. (இணையத்தில் வாங்குங்கள், கொஞ்சம் குறையும். நான் வாசலில் வாங்கிய புத்திசாலி.)

என்னைப் போல் வாய் வராதவர்களுக்கென்றே இந்தக் கோட்டை உச்சியில் ஒரு கல் இருக்கிறது. அதை முத்தமிட்டால் பேச்சு வன்மை வருமாம். 1446இல் இதைக் கட்டிய கோர்மாக் லாய்திர் மெக்கார்த்திக்கு ஏதோ வழக்காம். தோற்றுவிடுவோமோ என்று கிளீனா என்கிற தேவதையிடம் முறையிட்டாராம். 'காலையில் வழக்குமன்றம் போகும் வழியில் முதலில் கண்ணில் படும் கல்லை முத்தமிடு' என்றாளாம் அவள். மனிதர் பேசியே ஜெயித்துவிட்டார். இன்னொரு கதையில், 1314 பானக்பர்ன் போரில் உதவியதற்காக ஸ்காட்லாந்து மன்னர் ராபர்ட் புரூஸ் மெக்கார்த்தியின் முன்னோருக்கு நன்றிக்கடனாகக் கொடுத்த ஸ்காட்லாந்துக் கல் இது. 2014இல் கிளாஸ்கோ பல்கலைக்கழகப் புவியியலாளர்கள் ஆராய்ந்துவிட்டு, அக்கம்பக்கத்துச் சுண்ணாம்புக்கல்தான் என்று சொல்லிவிட்டார்கள். எனக்கு கிளீனா கதையே போதும்.

உள்ளே கூரையும் இல்லை, தளங்களும் இல்லை. அண்ணாந்து பார்த்தால் வெறும் சுவரில் மாடிக்கு மாடி கணப்படுப்புகள் அந்தரத்தில் தொங்குகின்றன. சுழல்படியில் வரிசை நகர்வதாக இல்லை. முன்னால் போனவரின் ஈர ஷூவைப் பார்த்துக்கொண்டே நூற்றுக்கு மேல் படி ஏறினேன்.

மேலே போனதும் என் மனைவி, "ஏங்க, ஊர் உலகமே எச்சில் பண்ணின கல்லு. அதுல போய் வாய வெக்கப் போறீங்களா?" என்றாள். பணியாள் ஏதோ தெளித்துத் துடைக்கத்தான் செய்கிறார். அவளுக்கு அது போதவில்லை. நான் மல்லாந்து படுத்தேன். இரண்டு இரும்புக் கம்பிகளைப் பிடித்துக்கொண்டு தலையைப் பின்னால் தொங்கவிட வேண்டும். பணியாள் என் இடுப்பைப் பிடித்துக்கொண்டார். சுவருக்கும் கல்லுக்கும் நடுவே உள்ள இடைவெளியில், சுமார் 26 மீட்டர் கீழே, புல்தரை தலைகீழாகத் தெரிந்தது. கல் சில்லென்று, பலர் தொட்டுத் தொட்டு வழவழவென்று இருந்தது. அஞ்சு நொடிகூட இல்லை, அடுத்த ஆள். இந்தக் கம்பிகள் வருவதற்கு முன்னால் கணுக்காலைப் பிடித்துத் தொங்கவிடுவார்களாம். போட்டோவுக்குத் தனிக் காசு. வாங்கவில்லை.

நேரம் குறைவென்றால் கல்லை விட்டுவிடுங்கள், தோட்டங்களை விடாதீர்கள். விஷத்தோட்டத்தில் மண்டையோட்டுப் பலகை: தொடாதே, முகராதே, தின்னாதே. பயந்துகொண்டே போனால், அங்கே நிற்பது நம்ம ஆமணக்கு! வேலியோரம் தானாக முளைக்கிற செடி. சின்ன வயதில் அம்மா மூக்கைப் பிடித்து ஊற்றிய விளக்கெண்ணெய் ஞாபகம் வந்து இருவரும் சிரித்துவிட்டோம். ஆனால் கொட்டை விஷம்தான், பலகை பொய் சொல்லவில்லை.

எதிரே ஊர்ப் பப்பில் மீன் சூப், கருப்பு ரொட்டி, உப்பு வெண்ணெய். பாலில் கொதித்த மீனா என்று முகம் சுளித்தவள் கிண்ணத்தை ரொட்டியால் வழித்தாள். இந்த நாளில் மனம் நோகாமல் கொடுத்த ஒரே காசு அது.

ஆசைப்படிகளைச் சொல்ல மறந்தேனே. பாறைத் தோட்டத்தில் உள்ள அந்தப் படிகளில் கண்ணை மூடிக்கொண்டு பின்னோக்கி இறங்கி, ஏற வேண்டும். வேறெதையும் நினைக்காமல் ஒன்றையே நினைத்தால், ஒரு வருடத்துக்குள் அங்கிருக்கும் சூனியக்காரி அதைத் தருவாளாம். மூன்றாவது படியிலேயே எனக்கு அந்தக் கூடுதல் 8 யூரோ நினைவுக்கு வந்துவிட்டது. என் மனைவி மட்டும் சுவரைத் தடவித் தடவி முழுசாக ஏறி வந்தாள்.

"என்ன கேட்டே?"

"திரும்பிப் போக பஸ் வரணும்னு."

வந்தது, பத்து நிமிடம் தாமதமாக.