ஓடாதவர்களின் ஓட்டம்

நாளிதழ் ஒன்றில் உதவி ஆசிரியராகச் சேர்ந்து இரண்டு மாதம்கூட ஆகவில்லை. 2007 செப்டம்பர். பிரிட்டனில் நார்தர்ன் ராக் என்ற வங்கி தள்ளாடுவதாக ஏஜென்சிச் செய்தி வந்தது. வெளிநாட்டுப் பக்கம் அன்று என் பொறுப்பு. செய்தியில் 'ரன்' (run) என்ற சொல் நான்கைந்து இடங்களில் இருந்தது. மூன்றே எழுத்துச் சொல்லுக்கு அகராதியைப் புரட்டுவது கௌரவக் குறைச்சலாகப் பட்டது. 'பிரிட்டன் வங்கியில் ஓட்டம்' என்று தலைப்பிட்டு அனுப்பிவிட்டேன்.

சற்று நேரத்தில் பொறுப்பாசிரியர் தாளோடு என் மேசைக்கே வந்துவிட்டார்.

"யார் தம்பி ஓடியது? மேலாளரா, கொள்ளைக்காரனா?"

"பணம் போட்டவர்கள், ஐயா."

செய்தியோடு வந்த படத்தின் மேல் விரலை வைத்தார். வங்கிக் கிளையின் வாசலில் நீண்ட வரிசை. "இதில் யார் ஓடுகிறார்? எல்லாரும் நிற்கிறார்களே!"

போட்ட பணம் போய்விடுமோ என்ற பயத்தில் எல்லாரும் ஒரே நேரத்தில் அதை எடுக்கத் திரண்டால், அதற்குத்தான் ஆங்கிலத்தில் அந்தப் பெயர். நல்ல வங்கியும் அதைத் தாங்காது. வாங்கிய பணத்தில் பெரும்பகுதியைக் கடனாகக் கொடுத்திருக்கும். "1906-இல் அர்பத்நாட் கம்பெனி என்ற வங்கி மூழ்கியபோது மதராஸ் பட்ட பாடு தெரியுமா? அந்த அடிக்குப் பிறகுதான் 1907-இல் இந்தியன் வங்கி பிறந்தது" என்றார். திட்டு வாங்கப் போன இடத்தில் பாடமும் கிடைத்தது. தலைப்பு, 'பணத்தை எடுக்க வங்கி வாசலில் நீண்ட வரிசை' என்று மாறியது.

வினைச்சொல்லாக மட்டும் இந்த 'ரன்'னுக்கு 645 பொருள்களை ஆக்ஸ்போர்டு அகராதிக்காரர்கள் பிரித்திருக்கிறார்கள் என்று சில ஆண்டுகள் கழித்துப் படித்தபோது கொஞ்சம் ஆறுதலாக இருந்தது. நம் 'ஓடு' மட்டும் லேசுப்பட்டதா? படம் ஓடுகிறது, பிழைப்பு ஓடுகிறது, கவலையில் ஒன்றும் ஓடமாட்டேன் என்கிறது. இரண்டு சொற்களும் பல இடங்களில் கைகோத்துப் போவதுதான் ஆபத்து. அந்தத் தைரியத்தில்தான் வழுக்கி விழுகிறோம். அமைச்சரின் திட்டத்துக்கு எதிர்ப்புக் கிளம்பியது என்ற பொருளில் வந்த 'ரேன் இன்டு ஆப்பொசிஷன்' என்ற ஆங்கிலத் தொடரை, அவர் எதிர்க்கட்சிக்குள் ஓடிவிட்டதாக எழுதிய நண்பர் ஒருவர் எங்களிடம் இருந்தார். நல்லவேளை, அச்சுக்குப் போகவில்லை.

தேர்தல் செய்திகள் இன்னும் வேடிக்கை. அமெரிக்க வேட்பாளர் ஓடுவார். பிரிட்டிஷ் வேட்பாளர் நிற்பார். நம் ஊரிலும் நிற்பதுதான் வழக்கம். ஆகவே ஒபாமா அங்கே எவ்வளவு ஓடினாலும், எங்கள் பக்கத்தில் அதிபர் தேர்தலில் நின்றுகொண்டுதான் இருந்தார். 2021 ஜனவரியில் கொரோனா தடுப்பூசிக்கு நடந்த 'டிரை ரன்' வந்தபோது, 'ஒத்திகை' என்ற சொல் யோசிக்காமலே கைக்கு வந்தது. 'இன் த லாங் ரன்' என்பதை 'நீண்ட ஓட்டத்தில்' என்று எழுதுபவர்களை மட்டும் இன்றும் என்னால் மன்னிக்க முடியவில்லை. 'காலப்போக்கில்' என்ற அழகான சொல் என்ன பாவம் செய்தது?

என் தலைப்பு திருத்தப்பட்ட அதே மாதம் 19-ஆம் தேதி, டர்பனில் இங்கிலாந்துக்கு எதிராக யுவராஜ் சிங் ஓர் ஓவரின் ஆறு பந்துகளையும் சிக்சராக அடித்தார். விளையாட்டுப் பக்கத்து நண்பர் '36 ரன்' என்று தட்டிவிட்டு எழுந்து போனார். இலங்கைத் தமிழ் இதழ்களின் வழக்கப்படி என்றால் அது 36 ஓட்டங்கள். பொறுப்பாசிரியர் என்னைப் பார்த்துச் சிரித்தார். "இங்கேயும் யாரும் ஓடவில்லை, தம்பி."