நத்தை ஓட்டை மட்டும் வைத்துக்கொண்டு

அக்டோபர் 9, நாயுடுபுரம்

தூத்துக்குடிப் பார்சல் வந்துவிட்டது. ஆழ்கடல் இறாலுக்குப் போன விசைப்படகின் மடிவலையில் இறாலோடு ஏறி வந்த நத்தை ஓடுகள். அனுப்பியவர் அங்கே ஆய்வு மாணவி. கரையில் கொட்டும் கழிவு மீன் குவியலில் பொறுக்கியிருக்கிறார். பெரும்பாலும் தெரிந்த முகங்கள்தான். மூன்று மட்டும் பிடிபடவில்லை. இரு முனையும் கூர்ந்து, வெளிறிய சந்தன நிறம், பெரியது 31.4 மி.மீ. ஒவ்வொரு சுருளின் இடுப்பிலும் மணி கோத்ததுபோல ஒரு வரம்பு.

முதல் வேலையாக அட்டைப் பெட்டியைத் தூக்கிப் போட்டேன். கோடைக்கானல் ஈரத்தில் ஓடுகளுக்கு மரமும் அட்டையும் ஆகாது. அவற்றிலிருந்து கசியும் அசிட்டிக் அமில ஆவி சுண்ணாம்பை அரித்து, மேலே வெள்ளையாகப் பூக்க வைத்துவிடும். 1899-ல் இதைப் பற்றி எழுதிய பைன் என்பவரின் பெயரால் பைன் நோய் என்கிறார்கள். நோயாவது கிருமியாவது, வெறும் வேதியியல். கண்ணாடிக் குப்பி, சிலிக்கா ஜெல், பென்சிலில் எழுதிய சீட்டு. அப்புறம்தான் காபி.

அக்டோபர் 12

மூன்றிலும் ஓட்டு வாயின் வெளியுதடு உடைந்திருக்கிறது. மடியில் வந்தவை வேறெப்படி இருக்கும்? ஆனாலும் வழி உண்டு. இவை சேரும் டரிட் என்ற கடல் நத்தை வகையின் உதட்டில் ஒரு வெட்டு இருக்கும், கழிவு வெளியேறும் வாசல். ஓடு வளர வளர வெட்டும் முன்னால் நகரும். பழைய வெட்டுகளின் தடம் வளர்ச்சிக் கோடுகளில் அப்படியே நிற்கும். விளக்கைச் சாய்த்துப் பிடித்துப் பார்த்தேன். கோடுகள் மேலிருந்து இறங்கி, மணி வரம்பை நெருங்கியதும் சட்டென்று பின்னால் வளைந்து, மணியின் மேலேயே திரும்பி, மறுபடி முன்னால் ஓடுகின்றன. வெட்டு மணி வரம்பின் மேலேயே விழுகிறது என்றால் ஜெம்முலா என்ற பேரினம்.

அப்படியானால் முதலில் ஒப்பிட வேண்டியது ஜெம்முலா கன்ஜெனர். ‘இன்வெஸ்டிகேட்டர்’ கப்பல் நம் கடல்களில் வாரியெடுத்ததிலிருந்து 1894-ல் ஈ. ஏ. ஸ்மித் விவரித்தது. நம்முடையதில் மணிகள் பெரிது, எண்ணிக்கையில் குறைவு. அதை நம்பி மட்டும் ஒரு இனத்தை நிறுத்த எனக்குத் துணிச்சல் இல்லை. மணி எண்ணிக்கை ஒரே இனத்துக்குள்ளேயே கூடும், குறையும்.

அக்டோபர் 13

மேகம் ஜன்னல் வழியாக உள்ளே வருகிறது. கரண்ட் இல்லை. படமெடுக்கும் வேலை நாளைக்கு.

அக்டோபர் 20, மதுரை

வத்தலக்குண்டு இறங்கும்வரை குப்பி சட்டைப் பையிலேயே இருந்தது. முனை உடையாத ஓடு ஒன்றே ஒன்றுதான். அதுவே வகைமாதிரியாக, அதாவது புது இனத்தின் பெயருக்கு ஆதாரமாக நிற்கும் ஓடாகப் போகிறது என்பதால் தங்கம் பூச நான் சம்மதிக்கவில்லை. குறைந்த வெற்றிடத்தில் அப்படியே எலக்ட்ரான் நுண்ணோக்கியில் வைத்தார்கள்.

திரையில் தெரிந்ததும் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டேன். முனையில் இருப்பது புரோட்டோகான்க், நத்தை குஞ்சாக இருந்தபோது கட்டிய ஓடு. ஜெம்முலாக்களில் வழக்கமாக அது சிறுத்து, பல சுருளோடு, நெருக்கமான விலா வரிகளோடு இருக்கும். பல வாரம் நீரோட்டத்தில் மிதந்து, மிதவை உயிரிகளைத் தின்று வளர்ந்த குஞ்சு என்று அர்த்தம். இதில் ஒன்றரைச் சுருள்தான். உருண்டை, வழவழப்பு. அது முடியும் இடத்தில் ஒரு வடு, அதற்கப்புறம் நேராக முதல் மணி. முட்டையின் மஞ்சள் கருவையே தின்று வளர்ந்து, அதிகம் மிதக்காமல் தரையில் இறங்கிய குஞ்சு. இதுவும் கன்ஜெனரும் ஒன்று என்று இனி யாரும் எளிதில் சொல்லிவிட முடியாது.

அக்டோபர் 22

போனில் ஓடு அனுப்பிய மாணவிக்குத் தலைகால் புரியவில்லை. “சார், அப்ப புதுப் பேரினமே போட்டுடலாமே!”

“வேண்டாம்மா. இனம் போதும்.”

ஒரு காலத்தில் அப்படித்தான் செய்தார்கள்: மிதக்கும் குஞ்சுக்கு ஒரு பேரினம், மிதக்காததற்கு இன்னொன்று. நெருங்கிய உறவு இனங்களுக்குள்ளேயே குஞ்சின் வாழ்க்கை மாறக்கூடும், அதை வைத்துப் பேரினம் பிரிக்கக்கூடாது என்று 1990-ல் நத்தை ஆய்வாளர் பிலிப் பூஷே விரிவாக எழுதினார். அதை அனுப்பினேன். ராத்திரி பதில் வந்தது: “சரி சார். இனம்.”

நவம்பர் 3

ஆழம்தான் தலைவலி. படகோட்டி அண்ணாச்சி சொன்னது “180லேர்ந்து 200 பாகம்”. ஒரு பாகம் 1.83 மீட்டர் என்றால் சுமார் 330-லிருந்து 366 மீட்டர். மடி மணிக்கணக்கில் இழுபடுவதால் எந்த இடத்தில் ஏறியது என்று அவருக்கும் தெரியாது. ஒற்றை எண் போடாமல் இந்த வீச்சையே எழுதினேன்.

மூன்றாவது ஓட்டை, வகைமாதிரியோடு சேர்த்துக் காட்டும் துணை மாதிரிகளிலிருந்து எடுத்துவிட்டேன். வாயின் உட்புறம் தேய்ந்து பளபளக்கிறது. துறவி நண்டு குடியிருந்த வீடு. எங்கிருந்து அதை இழுத்து வந்ததோ.

நவம்பர் 12

புது இனத்துக்கான கட்டுரையை எழுதி முடித்தாயிற்று. 1999-க்குப் பிறகு வரும் புது விலங்கினப் பெயர்களுக்கு வகைமாதிரி எது, எங்கே இருக்கும் என்று தெளிவாகச் சொன்னால்தான் செல்லும். 2002 பல்லுயிர்ச் சட்டப்படியும் மாதிரி தேசியக் களஞ்சியத்துக்குப் போயாக வேண்டும். ஆகவே ஓடு இந்திய விலங்கியல் ஆய்வு நிறுவனத்துக்கு.

உயிருள்ளது கிடைக்கும்வரை காத்திருக்கலாமே என்று அந்தப் பெண் கேட்டார். நான் ஒப்பவில்லை. பெயரில்லாத ஓட்டை யாரும் தேட மாட்டார்கள்; படத்தோடு பெயர் வந்தால் அடுத்த குவியலில் யாராவது குனிந்து பார்ப்பார்கள். அண்ணாச்சியிடம் எத்தனால் பாட்டில் கொடுத்தாகிவிட்டது. சதையோடு ஒன்று வந்தால் பல்வரிசையையும் டி.என்.ஏ.வையும் அந்தப் பெண்ணே தனியாக எழுதட்டும். இந்தக் கட்டுரை ஓட்டை மட்டும் பார்த்து எழுதியது என்று முதல் பத்தியிலேயே போட்டிருக்கிறோம்.