கழுத்தில் கை

ஆபாசப் படங்களில் வன்முறை கூடுகிறது என்று யாராவது சொன்னால் உடனே ஒழுக்கப் போலீஸ் என்று கிண்டல் செய்கிறோம், நானும் செய்திருக்கிறேன். 2010-இல் வெளியான ஓர் ஆய்வில், நன்றாக விற்ற படங்களிலிருந்து 304 காட்சிகளை எடுத்துப் பார்த்தார்கள், 88 சதவீதத்தில் அடி, அறை, மூச்சுத்திணற வைப்பது என ஏதோ ஒன்று இருந்தது. சரி, பின்புறத்தில் தட்டுவதையும் அதில் சேர்த்து எண்ணினார்கள், அது வன்முறையா என்ற சண்டை இன்னும் ஓயவில்லை. எனக்கு உறுத்துவது வேறு. அடிபட்டவர்கள் பெரும்பாலும் பெண்கள், அவர்களில் ஏறக்குறைய எல்லோருமே வலியைக் காட்டாமல் சும்மா இருந்தார்கள் அல்லது ரசித்தது போல நடித்தார்கள். பதினான்கு வயதுப் பையன் அதைப் பார்த்து என்ன புரிந்துகொள்வான்?

கழுத்தை நெரிப்பதில் 'பாதுகாப்பான அளவு' என்று ஒன்று கிடையாது. மூளைக்குப் போகும் ரத்தம் நின்றால் சில நொடிகளில் நினைவு தப்பும், வெளியே ஒரு தழும்புகூட இல்லாமல் உள்ளே ரத்தக்குழாய் கிழிந்து, நாள் கழித்துப் பக்கவாதம் வரலாம். ஆபாசப் படங்களில் கழுத்தை நெரிக்கும் காட்சிகளையே சட்டவிரோதமாக்கப் போவதாக பிரிட்டன் அரசு 2025-இல் அறிவித்தது. தடையால் எல்லாம் நின்றுவிடும் என்று நான் நம்பவில்லை, இணையத் தடையைத் தாண்ட உதவும் விபிஎன் எல்லோர் கையிலும் இருக்கிறது. ஆனாலும் வயதுவந்தவர்கள் சம்மதத்தோடு செய்வது என்ற ஒற்றை வரியோடு பேச்சை முடித்துக்கொள்ள இப்போதெல்லாம் என்னால் முடிவதில்லை.