நிஜமாகவே கயிறு திரித்தேன்

புல்லால் கட்டின பாலத்தில் ஆற்றைக் கடந்தேன் என்று சொன்னால், "சரி சரி, கயிறு திரிக்காதே" என்பார்கள் நம்மூரில். பெரு நாட்டின் கெவே வட்டாரத்தில் நான் நிஜமாகவே கயிறு திரித்தேன். மகா மோசமாக.

குஸ்கோவிலிருந்து தெற்கே கொம்பபாத்தா வரை ஆற்றோரச் சாலை, வேனில் தூங்கிக்கொண்டே போகலாம். அங்கிருந்து யனவோக்காவுக்கு ஏறும்போதே தலை கனக்கத் தொடங்கியது. ஏறத்தாழ 3,900 மீட்டர் உயரம். மரம் அபூர்வம். எங்கு பார்த்தாலும் பழுப்புப் புல்வெளி, இடையிடையே மண்சுவர் வீடுகள், ஆட்டு மந்தைகள். கோக்கா இலைத் தேநீர் குடித்தால் சரியாகும் என்றார்கள். வாய்க்குச் சூடாக இருந்தது, அவ்வளவுதான்.

கெவேயில் அபுரிமாக் ஆறு மலையை ஆழமாக அறுத்துக்கொண்டு ஓடுகிறது. அதன் மேல் தொங்குகிறது கெஸ்வாச்சாக்கா. 'கெஸ்வா' என்றால் திரித்த கயிறு, 'சாக்கா' என்றால் பாலம். நீளம் 28 மீட்டர் போல. இன்கா காலத்திலிருந்து வரும் வழக்கப்படி, வருஷா வருஷம் ஜூனில் நான்கு ஊர்க்காரர்கள் கூடிப் பழைய பாலத்தை அறுத்து ஆற்றோடு விட்டுவிட்டுப் புதிதாகக் கட்டுகிறார்கள். மூன்று நாள் வேலை, நாலாம் நாள் ஆட்டம் பாட்டம். 2013-இல் யுனெஸ்கோ இதைத் தன் பட்டியலில் சேர்த்தது. பக்கத்திலேயே வண்டி போகிற பாலம் ஒன்றும் இருக்கிறது. ஆகவே வேறு வழியில்லாமல் கட்டுகிறார்கள் என்று நினைத்துவிடாதீர்கள்.

சரிவில் பெண்கள் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். புல்லை நனைத்து, கல்லால் தட்டி, உள்ளங்கைகளுக்கு நடுவே உருட்டித் திரிக்கிறார்கள். முனை தீரும் முன்பே அடுத்த புல் உள்ளே போய்விடுகிறது, கண்ணுக்கே தெரிவதில்லை. ஓர் அம்மாள் என்னிடமும் ஒரு கற்றையை நீட்டினார். அரை மணி நேரத்தில் ஒரு முழம் திரித்தேன். கையை எடுத்ததும் அது பொறுமையாகப் பிரிந்துகொண்டது. அவர் சிரித்துக்கொண்டே முழுவதையும் அவிழ்த்து மறுபடி திரித்தார்.

இந்த மெல்லிய கயிறுகளைச் சேர்த்து முறுக்கி, சடைபோலப் பின்னினால் தொடை கனத்தில் வடம். நடக்க நான்கு, கைப்பிடிக்கு இரண்டு. அவற்றை இழுத்துக் கட்டுவது ஆண்கள். அந்த வேலை நடக்கும்போது பெண்கள் பாலத்தருகே வரக்கூடாதாம், ஆகாதாம். திரித்தது யார் என்று கேட்க நாக்கு துடித்தது. விருந்தாளி, வாயை மூடிக்கொண்டேன்.

மதியம் வாத்தியா. மண்கட்டிகளைக் குவிமாடமாக அடுக்கி உள்ளே தீ மூட்டுகிறார்கள். கட்டிகள் கனன்றதும் உருளைக்கிழங்கைப் போட்டு, மேலே கூரையை இடித்து மூடிவிடுகிறார்கள். கொஞ்ச நேரத்தில் தோண்டி எடுத்து, சூடு பொறுக்காமல் கைமாற்றிக் கைமாற்றித் தோலுரித்து, மிளகாய் அரைப்பில் தொட்டுத் தின்றோம். அந்த மண்வாசனைக்காகவே இன்னொரு முறை தலைவலியோடு மலையேறுவேன்.

கெச்சுவா மொழிதான் என்னை அதிகம் மயக்கியது. முன்பின் தெரியாதவரையும் 'மாமாய்', 'தைதாய்' என்கிறார்கள், நம் 'அம்மா', 'ஐயா' போலவே. பெருந்தொற்றால் 2020-இல் புதுப்பிக்காமல் விட்டு, 2021 மார்ச்சில் பாலம் அறுந்து விழுந்ததை ஒரு பையன் சொன்னான். அவன் நேரில் பார்க்கவில்லை என்பது வினைமுற்றைத் தாண்டி ஒரு சின்ன ஒட்டிலேயே தெரிந்துவிடுகிறது என்றார் மொழிபெயர்த்த நண்பர். நாம் "விழுந்ததாம்" என்கிறோமே, அதே வேலை.

'நாம்', 'நாங்கள்' வேறுபாடும் உண்டு. 'சாக்கஞ்சிஸ்' என்றால் உன்னையும் சேர்த்து நம் பாலம். 'சாக்கைக்கு' என்றால் எங்கள் பாலம்.

கடைசி நாள் புதுப் பாலத்தில் ஆடி ஆடி நடந்து, கால் நடுங்கத் திரும்பி வந்தேன். கயிறு கற்றுக்கொடுத்த அம்மாள் கரையில் நின்றிருந்தார். பாலத்தைக் காட்டி இரண்டில் எது என்று கேட்டேன்.

"சாக்கைக்கு" என்றார், யோசிக்கவே இல்லை.

என் ஒரு முழத்தையும் அவிழ்த்தவர் அவர்தானே.